வட சீனத்தின் மாவுக்கட்டிக் கஞ்சி

வட சீனத்தில் எளியோர் வீட்டிலும் வசதியுள்ளோர் வீட்டிலும் ஒருங்கே வைக்கப்படும் கஞ்சி ஒன்று உண்டு. சீன மொழியில் அதனைக் 'கெதா தாங்' என்பர். 'கெதா' என்பதற்குக் கட்டி அல்லது முடிச்சு என்று பொருள். 'தாங்' என்பதற்குச் சாறு என்று பொருள். கோதுமை மாவைச் சிறு சிறு கட்டிகளாகத் திரட்டிக் கொதிக்கும் சாற்றில் தூவிச் சமைப்பதால் இப்பெயர் வந்தது. மேற்கே ஷான்சி, ஷென்சி மாநிலங்களில் இதையொத்த கஞ்சியைப் 'பான் தாங்', அதாவது கலந்து வைத்த சாறு, என்று வழங்குவர். காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும், பனியில் நனைந்து வீடு திரும்பியவருக்கும், இரவில் நேரங்கழித்துப் பசியோடு வந்த பிள்ளைக்கும் தாய்மார் ஆக்கித் தருவது இதுவே.

சரித்திரம் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு கஞ்சியைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். சீனத்தின் நெடுஞ்சுவரைப் பற்றியும் அரண்மனைகளைப் பற்றியும் உங்கள் பாடநூல்கள் போதிய அளவு கூறுகின்றன. அச்சுவரைக் கட்டியவர்கள் மாலையில் என்ன உண்டார்கள், அது கிடைக்காத ஆண்டுகளில் என்ன ஆனார்கள் என்பதை அந்நூல்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. அதை அறிய ஒரு கிண்ணக் கஞ்சி உதவுமானால் அதையும் நாம் சான்றாகக் கொள்ளத்தான் வேண்டும். ஆயினும், ஒரு சான்றைப் படிக்குமுன் அது எப்படி ஆக்கப்பட்டது என்று தெரிந்துகொள்வது முறை. ஆதலால் முதலில் அடுக்களைக்குள் செல்வோம்.

இக்கஞ்சியை நான் என் வீட்டில் பலமுறை வைத்திருக்கிறேன். இருவருக்கு வைப்பதானால் 100 கிராம் வெள்ளைக் கோதுமை மாவு போதும். நம் கடைகளில் கிடைக்கும் மைதா பொருத்தமாக இருக்கும். மாவை அகன்ற கிண்ணத்தில் இட்டு, ஒரு கையால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மற்றொரு கையில் உணவுக் குச்சிகளைப் பிடித்து மாவை ஓயாமல் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். ஊற்றிவிடாமல் சொட்டுவதில்தான் இதன் சூட்சுமமெல்லாம் அடங்கியிருக்கிறது. ஒவ்வொரு சொட்டும் தன்னைச் சுற்றியுள்ள மாவைப் பற்றிக்கொண்டு ஒரு சிறு கட்டியாகிறது. உளுந்தளவு முதல் பட்டாணியளவு வரை கட்டிகள் திரண்டு, கிண்ணத்தின் அடியில் உலர்ந்த மாவு ஏறக்குறைய இல்லாமற்போனதும் தண்ணீரை நிறுத்திவிடலாம்.

நம் நாட்டு அடுக்களையில் மாவு கட்டி தட்டிப்போனால் அது சமைத்தவரின் குற்றம். வட சீனத்தில் அதுவே குணமாகிறது! அங்கே கட்டி தட்டாத கஞ்சியை இப்பெயரால் அழைக்கமாட்டார்கள்.

அடுத்து, வாணலியில் இரண்டு கரண்டி எண்ணெயைக் காயவைத்து, அரிந்த வெங்காயத்தாளை வதக்க வேண்டும். பெரிய தக்காளி ஒன்றைச் சிறு துண்டுகளாக்கிச் சேர்த்து, அது குழைந்து சாறு விடும்வரை கிளறி, நான்கு கோப்பைத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது மாவுக்கட்டிகளைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கிளறிவிட வேண்டும். கொதிநீர் பட்டவுடன் கட்டியின் மேற்புறத்து மாவு வெந்து இறுகிவிடுவதால் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டமாட்டா. ஒட்டியிருந்த உதிரி மாவு மட்டும் சாற்றில் கரைந்து அதைச் சற்றே கெட்டியாக்கும். மூன்று நான்கு நிமிடங்களில் கட்டிகள் வெந்து மேலே மிதக்கும். பின்னர் ஒரு முட்டையை நன்கு அடித்து மெல்லிய தாரையாக ஊற்றினால் அது பூப்போல விரியும். உப்பு, சிறிது சோயாச் சாறு, மிளகுப் பொடி, கொத்தமல்லித் தழை ஆகியவற்றைச் சேர்த்து, வறுத்த எள்ளில் எடுத்த எண்ணெய் சில துளிகள் விட்டு இறக்கினால் கஞ்சி ஆயிற்று. அடுப்பு மூட்டியதிலிருந்து கால்மணி நேரம்கூட ஆகாது.

இங்கே மூன்று செய்திகளைக் கவனியுங்கள். மாவைப் பிசைந்து ஊறவைக்க வேண்டிய தேவை இல்லை. ஆகவே நேரம் மிச்சம். கட்டிகள் சிறியவை, ஆகவே எரிபொருள் மிச்சம். இருவர் ரொட்டியாகச் சுட்டு உண்டால் பசி அடங்காத மாவு, சாற்றோடு கூடியதும் இருவர் வயிற்றையும் நிரப்புகிறது. ஆகவே மாவும் மிச்சம். காடுகள் அழிந்துவிட்ட வட சீனச் சமவெளியில் விறகு அரிய பொருள். கோதுமைத் தாளும் சோளத்தட்டையுமே அங்கே அடுப்பெரித்தன. அவை சட்டென்று பற்றிச் சட்டென்று அணைபவை. நெடுநேரம் எரிய வேண்டிய சமையல் அவற்றுக்கு ஏற்றதன்று. எனவே, இக்கஞ்சியின் வடிவம் தற்செயலாக அமைந்ததன்று. மாவுக்கும் விறகுக்கும் ஓய்வுக்கும் பஞ்சப்பட்ட மக்கள் கண்ட வழி அது என்று நான் கருதுகிறேன்.

இனி, அந்த மாவின் கதைக்கு வருவோம். சீனர் என்றவுடன் அரிசிச் சோறு உண்பவர் என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். இது பாதி உண்மையே. ஜான் லாஸிங் பக் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் சீனத்தின் நிலப்பயனை ஆராய்ந்து 1937-இல் வெளியிட்ட பெருநூலில், அந்நாட்டை வடக்கே கோதுமை நிலம், தெற்கே நெல் நிலம் என்று இரு கூறாகப் பிரித்தார். சின்லிங் மலைத்தொடரும் ஹுவாய் ஆறுமே இவ்விரண்டுக்கும் எல்லை. அவ்வெல்லைக்குத் தெற்கே மழை மிகுதி. வடக்கே மழை குறைவு, குளிர் கடுமை.

ஆனால், வடக்கிலும் கோதுமை ஆதிகாலத்துப் பயிர் அன்று. மஞ்சள் ஆற்றின் கரையில் முதலில் விளைந்தவை தினையும் பனிவரகுமே. ஹெபெய் மாநிலத்தில் சிஷான் என்னும் இடத்தில் ஏறத்தாழ 8000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தானியக் குழிகளை அகழ்ந்தெடுத்திருக்கிறார்கள். அவற்றில் இருந்தவை இச்சிறு தானியங்களே. கோதுமையோ மேற்கு ஆசியாவில் பிறந்தது. அங்கிருந்து மெல்ல மெல்லக் கிழக்கு நோக்கிப் பயணம் செய்து, ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன் சீனத்தை அடைந்தது. சீன எழுத்துகளில் இதற்கு ஒரு சுவையான நினைவுச் சின்னம் உண்டு. 'வருதல்' என்று இன்று பொருள்படும் எழுத்து, தொடக்கத்தில் கோதுமைச் செடியின் ஓவியமாக இருந்தது. ஒலி ஒற்றுமை காரணமாக அவ்வெழுத்தை வேறொரு சொல்லுக்குக் கடன் வாங்கினார்கள் என்று அறிஞர் கூறுவர். வந்தேறிய பயிரின் படம் 'வருதல்' என்ற சொல்லைக் குறிக்க நேர்ந்தது பொருத்தமாகவே இருக்கிறது.

வந்த விருந்தாளிக்கு உடனே வரவேற்புக் கிடைத்துவிடவில்லை. தினையை அவிப்பது போலவே கோதுமையையும் முழுமணியாக அவித்து உண்டார்கள். கடினமான உமித்தோலும் சவைக்க முடியாத மணியுமாக இருந்த அந்தக் 'கோதுமைச் சோறு' வறியோர் உணவு என்று இகழப்பட்டது. பிற்கால ஹான் பேரரசை நிறுவிய குவாங்வு, அரியணை ஏறுமுன் கி.பி. 24-ஆம் ஆண்டில் எதிரிகளுக்கு அஞ்சி வட நாட்டில் குளிரிலும் பசியிலும் அலைந்தார். அப்பொழுது ஃபெங் யீ என்ற படைத்தலைவர் ஓரிடத்தில் அவருக்கு அவரைக் கஞ்சியும், பின்னர் மற்றோரிடத்தில் கோதுமைச் சோறும் தேடிக் கொடுத்தார். பேரரசரான பின்னர், கி.பி. 30-இல், குவாங்வு அத்தலைவருக்குப் பரிசில்கள் அனுப்பி, அந்தக் கஞ்சிக்கும் சோற்றுக்கும் பட்ட கடனை நெடுங்காலம் தீர்க்காமல் இருந்துவிட்டதாகத் தெரிவித்தார். இழிந்த உணவு என்று கருதப்பட்டதனாலேதான் அந்நிகழ்ச்சி நினைவில் நிற்கத் தக்கதாயிற்று.

இகழப்பட்டாலும் கோதுமைக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. குளிர்காலக் கோதுமையை இலையுதிர் காலத்தில் விதைப்பார்கள். அது பனிக்கடியில் உறங்கிக் கிடந்து, இளவேனிலில் தழைத்து, கோடைத் தொடக்கத்தில் அறுவடைக்கு வரும். சென்ற ஆண்டின் தினை தீர்ந்து, புதிய தினை இன்னும் முற்றாத மாதங்கள் உழவருக்குப் பொல்லாத மாதங்கள். பச்சையும் மஞ்சளும் சேராத காலம் என்று சீனர் அதனைச் சொல்வர். வயலில் பயிர் பச்சையாக இருக்கிறது, குதிரில் மஞ்சள் தானியம் இல்லை என்பது கருத்து. அந்த இடைவெளியில் கைகொடுப்பது குளிர்காலக் கோதுமை. கி.மு. 141 முதல் 87 வரை ஆண்ட வூ பேரரசரிடம் தோங் சோங்ஷு என்ற பேரறிஞர், தலைநகரைச் சூழ்ந்த நாட்டு மக்கள் கோதுமை விதைப்பதில் நாட்டமின்றி இருப்பதை எடுத்துக்கூறி, அவர்களை விதைக்கச் செய்யுமாறு விண்ணப்பித்துக்கொண்டார். தத்துவம் பேசிய புலவர் விதைப்பைப் பற்றியும் பேசினார். ஏனெனில் பஞ்சத்தைப் பற்றிய கவலை அவருக்கும் இருந்தது.

கோதுமையின் தலைவிதியை மாற்றியது ஒரு கல். சுழலும் எந்திரக்கல்லையே குறிப்பிடுகிறேன். 1968-இல் ஹெபெய் மாநிலத்து மான்செங் என்னும் ஊரில் லியூ ஷெங் என்ற சிற்றரசரின் கல்லறை திறக்கப்பட்டது. அவர் கி.மு. 113-இல் இறந்தவர். தங்கக் கம்பியால் கோத்த பச்சைக்கல் அங்கியை உடுத்தி அவரை அடக்கம் செய்திருந்தார்கள். உலகமெங்கும் அந்த அங்கியைப் பற்றியே பேசினார்கள். அதே கல்லறையில் வெண்கலப் புனல் பொருத்திய எந்திரக்கல் ஒன்றும் இருந்தது. சரித்திர மாணவன் அங்கியைக் கண்டு வியக்கலாம். ஆனால் சீன மக்களின் வாழ்வை மாற்றியது அந்த எந்திரக்கல்லே ஆகும்.

கோதுமை மாவில் நீர் பட்டதும் அதிலுள்ள புரதம் இழைகளாகப் பின்னிக்கொள்கிறது. அதனால் அது நீளும், வளையும், கொதிநீரிலும் உடையாது. தினை மாவுக்கு அவ்வாற்றல் இல்லை. அவித்தபோது இகழப்பட்ட மணி, மாவான பிறகு எந்த வடிவத்துக்கும் இசைந்தது. மாவாற் செய்த பண்டங்கள் யாவற்றையும் 'பிங்' என்றும், அவற்றுள் சாற்றில் வேகவைத்தவற்றைத் 'தாங் பிங்' என்றும் அக்காலத்தார் அழைத்தனர். நாம் பேசும் கஞ்சிக்கு இதுவே குலமுதல்.

தாங் பிங்கைப் பற்றி ஒரு வேடிக்கையான வரலாறு உண்டு. மூன்றாம் நூற்றாண்டில் வேய் அரசவையில் ஹே யான் என்ற பிரபு இருந்தார். அவருடைய முகம் மிக வெண்மையானது. முகத்துக்கு மாவு பூசுகிறாரோ என்று மன்னருக்கு ஐயம் தோன்றியது. எனவே, நடுக்கோடையில் அவரை அழைத்துச் சுடச்சுடத் தாங் பிங் உண்ணச் செய்தார். பிரபுவுக்கு வியர்வை பெருகியது. செந்நிற ஆடையால் முகத்தை அழுத்தித் துடைத்தார். துடைத்தபின் முகம் முன்னிலும் ஒளி பெற்று விளங்கிற்றாம்! இந்நிகழ்ச்சி மெய்யோ கதையோ, மாவுச் சாறு அரண்மனை ஏறிவிட்டது என்பதற்கு இது சான்று.

கி.பி. 300-ஐ ஒட்டி வாழ்ந்த ஷூ சீ என்ற புலவர் பிங்கைப் பற்றியே ஒரு நீண்ட செய்யுள் இயற்றினார். மூச்சு உறையும் குளிர்காலக் காலையில், ஒட்டிய வயிற்றை நிரப்பவும் நடுக்கத்தைப் போக்கவும் தாங் பிங்கே சிறந்தது என்பது அவர் முடிவு. அவர் கூறும் மற்றொரு செய்தி இன்னும் அருமையானது. இப்பண்டங்களின் பெயர்கள் சில ஊர்ச் சந்துகளிலே பிறந்தவை என்றும், செய்முறைகள் சில அயல்நாட்டாரிடமிருந்து வந்தவை என்றும் அவர் ஒளிவுமறைவின்றி எழுதினார். தம் நாட்டு உணவில் பிறர் கொடுத்ததும் உண்டு என்று ஒப்புக்கொள்ள 1700 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சீனப் புலவருக்கு மனம் இருந்தது.

ஆறாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஜியா சிசியே என்ற அதிகாரி உழவையும் சமையலையும் பற்றி எழுதிய பெருநூல் இன்றும் நம்மிடம் உள்ளது. 'சி மின் யாவ் ஷு' என்பது அதன் பெயர். அதில் 'போதுவோ' என்ற உணவின் செய்முறை காணப்படுகிறது. பிசைந்த மாவைக் கட்டைவிரல் அளவு திரட்டி, துண்டாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, கிண்ணத்தின் விளிம்பில் வைத்து விரலால் மெல்லிதாக அழுத்தி, கொதிநீரில் இட வேண்டும் என்று அவர் விளக்குகிறார். கத்தியும் பலகையும் வேண்டாம். கையும் கிண்ணமும் போதும். கெதா தாங்கின் நெருங்கிய உறவினரை அங்கே நாம் காண்கிறோம்.

மாவு பெருகியதும் எந்திரங்கள் பெருகின. தாங் பேரரசின் காலத்தில் தலைநகர் சாங்கானைச் சுற்றியிருந்த கால்வாய்களில் பிரபுக்களும் மடங்களும் நீராற் சுழலும் மாவு எந்திரங்களை நிறுவினர். எந்திரத்துக்காக நீரைத் தேக்கியதால் வயல்களுக்குத் தண்ணீர் பாயவில்லை, உழவர் முறையிட்டனர். கி.பி. 778-இல் தைசோங் பேரரசர் அவ்வெந்திரங்களை இடிக்கக் கட்டளையிட்டார். அவருடைய மகள் ஷெங்பிங் இளவரசிக்கும் அங்கே இரண்டு எந்திரங்கள் இருந்தன. அவற்றை விட்டுவைக்குமாறு தந்தையிடம் வேண்டினாள். மக்கள் நன்மைக்காக இட்ட ஆணை இது, நீயே முன்னின்று வழிகாட்ட வேண்டும் என்று தந்தை மறுத்துவிட்டார். அவளுடைய எந்திரங்கள் இடிக்கப்பட்டன. எண்பதுக்கு மேற்பட்ட பிற எந்திரங்களும் இடிபட்டன. இரண்டு ஆண்டுகள் கழித்து, 780-இல், யாங் யான் என்ற அமைச்சர் கோடையில் ஒன்றும் இலையுதிர் காலத்தில் ஒன்றுமாக இருமுறை வரி தண்டும் திட்டத்தைக் கொண்டுவந்தார். கோடை அறுவடையாகிய கோதுமை இப்பொழுது அரசாங்கக் கணக்கிலும் இடம்பெறும் பயிராகிவிட்டது.

1127-இல் வட சீனம் ஜுர்ச்சென் படையினர் கையில் வீழ்ந்து, சோங் பேரரசின் தலைநகர் கைஃபெங் பறிபோயிற்று. எண்ணற்ற மக்கள் தெற்கே அகதிகளாகச் சென்றனர். அரிசி விளையும் அந்நாட்டில் அவர்கள் தேடியது கோதுமை மாவை. அதனால் தெற்கே கோதுமை விலை வெகுவாக ஏறியது. குத்தகை உழவர் நெல்லுக்கு மட்டுமே குத்தகை அளந்தனர், கோதுமை விளைவு முழுவதும் அவர்களுக்கே உரியதாயிற்று. எனவே அவர்கள் போட்டியிட்டுக்கொண்டு கோதுமை விதைத்தார்கள். ஊரை இழந்தவர்களின் நாக்கு வேற்றூர் வயலையே மாற்றிவிட்டது!

இதுவரை கூறியது கோதுமை ஏறி வந்த கதை. அது கிடைக்காமற்போன கதையும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் இக்கஞ்சியின் ஆறுதல் நமக்கு விளங்காது.

1876 முதல் 1879 வரை வட சீனத்தில் மழை பொய்த்தது. ஷான்சி, ஹெனான், ஷென்சி, ஹெபெய், ஷாண்டோங் ஆகிய நாடுகள் கருகின. மக்கள் இலுப்பை கிடைக்கும் நாட்டவர் அல்லர். எல்ம் மரத்தின் பட்டையை உரித்து இடித்து உண்டனர். ஒருவகை வெண்களிமண்ணைக்கூட விழுங்கினர். இறந்தோர் தொகை தொண்ணூறு இலட்சம் முதல் ஒரு கோடியே முப்பது இலட்சம் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகின்றனர். தியான்சின் துறைமுகத்தில் நிவாரணத் தானியம் வந்து குவிந்தது. ஆனால் மலைக்கணவாய்களைக் கடந்து ஷான்சிக்கு அதைக் கொண்டுசெல்லப் போதிய வண்டியும் விலங்கும் இல்லை.

அந்த ஆண்டுகளை மறுபடியும் எண்ணிப் பாருங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பாழாக்கிய பஞ்சத்தைத்தான் நம் முன்னோர் 'தாது வருஷப் பஞ்சம்' என்று அழைத்தனர். இரண்டும் ஒரே காலத்தில் நேர்ந்தவை. ஒரே காரணத்தால் விளைந்தவை. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மீறி வெப்பமடைவதை எல் நினோ என்று வானிலை அறிஞர் கூறுவர். 1877-78-இல் அது மிகக் கடுமையாக இருந்தது. தென்னிந்தியாவின் பருவமழையும் வட சீனத்தின் மழையும் அதனால் பொய்த்தன. தியான்சினில் தானியம் குவிந்தது போலவே சென்னைக் கடற்கரையிலும் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்தன. உள்நாட்டிலோ மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். கோதுமைக் கஞ்சிக்கு ஏங்கிய ஷான்சி உழவனும், கஞ்சித்தொட்டியின் முன் நின்ற சேலத்து உழவனும் ஒருவரையொருவர் அறியார். ஆயினும் அவர்கள் ஒரே துன்பத்தில் உடன்பிறந்தவர்கள்.

மற்றொரு பஞ்சம் வானத்தால் மட்டும் வந்ததன்று. 1958-இல் சீன அரசு 'பெரும் பாய்ச்சல்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. சிற்றூர்கள் கம்யூன்களாக இணைக்கப்பட்டன. வீட்டில் சமைப்பது நின்று, பொது உணவுக்கூடங்கள் ஏற்பட்டன. பல ஊர்களில் வீட்டுச் சட்டிகளையும் வாணலிகளையும் இரும்புக்காக உலைக்களத்தில் இட்டு உருக்கினார்கள். விளைவைப் பன்மடங்காக மிகைப்படுத்தி அதிகாரிகள் கணக்கு எழுதினர். இல்லாத தானியத்துக்கு ஏற்ப இருந்த தானியம் கொள்முதல் செய்யப்பட்டது. 1959 முதல் 1961 வரை மாண்டவர் தொகையை ஒன்றரைக் கோடி முதல் நாலரைக் கோடி வரை ஆய்வாளர் பலவாறாகக் கணக்கிடுகின்றனர். 1961-இல் பொது உணவுக்கூடங்கள் கலைக்கப்பட்டன. வீட்டு அடுப்புகள் மறுபடியும் புகைந்தன. தன் வீட்டில், தன் சட்டியில், தன் பிள்ளைக்கு ஒரு பிடி மாவைத் தூவிக் கஞ்சி வைப்பது எத்துணைப் பெரிய உரிமை என்பதை அந்தத் தலைமுறைத் தாய்மார் அறிவர்.

நகரங்களில் 1955 முதல் தானியச் சீட்டு முறை நடந்தது. 1993-இல்தான் அது முடிவுற்றது. வெள்ளை மாவையும் அரிசியையும் 'நயந் தானியம்' என்றும், சோளம் முதலியவற்றை 'முரட்டுத் தானியம்' என்றும் பிரித்து அளந்தார்கள். வடக்கே அன்றாடம் உண்டது பெரும்பாலும் மக்காச்சோள மாவில் அவித்த கூம்பு வடிவ அடை. வெள்ளை மாவு கொஞ்சமே கிடைக்கும். அதனைப் புத்தாண்டுக்கும் விருந்துக்கும் நோயாளிக்கும் ஒதுக்கி வைப்பார்கள். ஒரு பிடி மாவைக் கொண்டு ஒரு நோயாளியின் வயிற்றையும் மனத்தையும் நிறைக்க வேண்டுமானால் அதற்கு உகந்தது கெதா தாங். இன்று சீனம் உலகில் மிக அதிகமாகக் கோதுமை விளைவிக்கும் நாடு. மாவுக்குத் தட்டுப்பாடு இல்லை. எனினும் உடல் நலிந்தபோது அம்மக்கள் இதையே கேட்கிறார்கள். அக்காலத்துக் கவனிப்பின் சுவை இதனோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

கிண்ணத்தில் மிதக்கும் தக்காளியையும் மறக்கலாகாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1621-இல் வாங் சியாங்ஜின் என்பார் எழுதிய தாவர நூலில் அயல்நாட்டுக் கனியாக அது குறிக்கப்படுகிறது. நெடுங்காலம் கண்ணுக்கு அழகாகவே அதை வளர்த்தார்கள். பரவலாக உண்ணத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில்தான். பழமையான நாட்டு உணவு என்று நாம் கருதும் கிண்ணத்தில், 4500 ஆண்டுகளுக்கு முன் வந்த மேற்கு ஆசியக் கோதுமையும், நேற்று வந்த அமெரிக்கத் தக்காளியும் ஒன்றாய்க் கொதிக்கின்றன. ஷூ சீ என்ற புலவர் இதைக் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார்.

அண்டை நாடுகளிலும் இதற்கு உறவு உண்டு. கொரியாவில் 'சுஜேபி' என்ற மாவுக்கஞ்சி, கோதுமை அரிதாக இருந்த பழங்காலத்தில் சிறப்பு நாள் உணவாக விளங்கியது; 1950-53 போருக்குப் பின் அமெரிக்க உதவி மாவு வந்து குவிந்ததும் அதுவே ஏழையின் உணவாயிற்று. ஜப்பானில் 'சுயிதோன்' என்ற மாவுக்கட்டிச் சாறு, இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பசியின் நினைவாக நிலைத்துவிட்டது. ஓர் உணவு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது அவ்வுணவுக்குள் இல்லை. மாவு யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதில் இருக்கிறது.

மாணவ நண்பர்களே, அரசர்களின் ஆண்டுகளை மனப்பாடம் செய்யும்போது இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுப் பழகுங்கள். அந்த ஆண்டில் எளியவன் வீட்டுச் சட்டியில் என்ன வெந்தது? அது எங்கிருந்து வந்தது? அதை அளந்து கொடுத்தவர் யார்? 778-இல் இடிந்த எந்திரங்களுக்கும், 1877-இல் கடற்கரையில் தேங்கிய மூட்டைகளுக்கும், 1958-இல் உருகிய வாணலிகளுக்கும் இக்கேள்வியின் வழியாகவே பொருள் விளங்கும். உங்கள் வீட்டில் மூத்தோர் இருந்தால், அவர்கள் சிறுவயதில் குடித்த கஞ்சியில் என்னென்ன சேர்ந்தது என்று இன்றே கேட்டு எழுதி வையுங்கள். கோட்டைகளைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். அந்தக் கஞ்சியைப் பற்றி எழுத நீங்கள் மட்டுமே இருக்கிறீர்கள்.